வாலந்தீன் ஐயா நின்ற வாசல்கள்

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் முத்தாந்துறைக்கு பஸ் ஏறி வந்து யாரை வேண்டுமானாலும் பிடித்துக் கேட்கட்டும்: பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள், காலைப் பூசை முடிந்து சனம் இன்னும் கலையாத நேரத்தில், எங்கள் கோயிலின் இடப்பக்கப் பீடத்திலிருந்து அர்ச்சிஷ்ட வாலந்தீன் ஐயா, வள்ளத்திலிருந்து தண்ணீரில் இறங்குகிறவர் வேட்டியைத் தூக்கிப் பிடிப்பதுபோலத் தன் சிவப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார், இறங்கி, நடுவில் முழங்காலிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த கிழவிகளைச் சுற்றிக்கொண்டு, பெரிய வாசல் வழியாக மணலுக்குப் போனார்.

மரச் சுரூபம்தான், ஆள் உயரம். யாரும் அலறவில்லை. "செருப்பில்லாமப் போறாரே, மணலு சுடுமே" என்றாள் ஒருத்தி. வெயிலில் சாயம் வெளுத்துவிடும் என்று பூசைச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற கோயில் மெலிஞ்சியார் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார். பங்குச்சாமி ஸ்தனிஸ்லாஸ் ஆயர் இல்லத்துக்கு போன் போட்டார், அங்கே எடுத்தவர், சுரூபம் பங்கு எல்லைக்குள்தான் நிற்கிறதா என்று கேட்டார், ஆமாம் என்றதும், அப்படியானால் அது உங்கள் பொறுப்பு என்று வைத்துவிட்டார். அன்று மத்தியானம் ஏலக்கூடத்தில் நான் சாளை மீனைக் கூறு போட்டுக்கொண்டிருக்கும்போது வாலந்தீன் ஐயா என்னைத் தாண்டிப் போனார், கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டேன், அவ்வளவுதான். என் பேர் கித்தேரி. வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும், வாயில்லாவிட்டால் மீன் விற்க முடியுமா?

வாலந்தீன் ஐயா எங்களுக்கு யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் எல்லா வினையும் அதை மறந்ததில்தான் வந்தது. அவர் எங்களுக்கு வலிப்புச் சாமி. காக்காவலிப்புக் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய் தகப்பன்மார் மேற்கேயிருந்தும் வடக்கேயிருந்தும் வருவார்கள், உப்பும் மிளகும் கொட்டுவார்கள், வலிப்பு வரும்போது கையில் திணிக்கிற இரும்புச் சாவியைச் சிவப்பு நூலில் கட்டி அவர் பாதத்தில் போடுவார்கள், ஒரு ராத்திரி கோயில் முற்றத்தில் படுத்து எழுந்து போவார்கள். அவர் காலடியில் ஒரு பிள்ளை கண் செருகி, கை முறுக்கிக் கிடப்பதாகச் செதுக்கியிருக்கும். அங்கி சிவப்பாக இருப்பது அவர் வேதசாட்சி என்பதால், ரோமாபுரி ராயன் அவர் தலையை வெட்டினான் என்பதால். வேறெந்த அர்த்தமும் எங்களுக்குத் தெரியாது.

அப்புறம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் காலேஜுக்குப் போனார்கள், போனில் தேடினார்கள், உலகமெல்லாம் பிப்ரவரி பதினாலாம் தேதி ரோஜாப்பூவைக் கொடுத்துக்கொண்டு திரிகிறதே, அந்த வாலண்டைன் வேறு யாருமில்லை, நம்ம வாலந்தீன் ஐயாதான் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்கள். ராயன் கல்யாணம் கூடாது என்று தடுத்த படைவீரர்களுக்கு ஒளித்து வைத்துக் கல்யாணம் முடித்து வைத்தவராம், சிறைக்காவலன் மகளுக்குக் கண் பார்வை கொடுத்தவராம், அதற்காகத்தான் தலை போனதாம். ரோமாபுரியில் அந்தத் தேதியை அவரிடமிருந்து எடுத்து வேறு இரண்டு அர்ச்சிஷ்டவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று பங்குச்சாமியே சொன்னார். கோயில் கைவிட்ட தேதியைக் கடைக்காரன் எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு பார்க்க வேண்டுமே! டவுனிலிருந்து பைக்கில் ஜோடி ஜோடியாக வந்து இறங்கினார்கள், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே முழங்காலிட்ட ஒருவன். பாதத்தில் கிடந்த சாவிகளைப் பார்த்துவிட்டு, ஓகோ, இது மனசுச் சாவி போலிருக்கிறது என்று ஆளுக்கொரு பூட்டு வாங்கிக் கிராதியில் மாட்டி, சாவியைக் கடலில் வீசினார்கள், வலையில் சாவி சிக்கி எங்கள் ஆண்கள் திட்டினார்கள். கோயில் கமிட்டித் தலைவர் மச்சாது பலூன் கடை போட்டார், ஐஸ்கிரீம் வண்டிக்கு இடம் ஒதுக்கினார், காலடியில் கிடக்கும் வலிப்புப் பிள்ளை போட்டோவுக்கு நன்றாயில்லை என்று அதன்மேல் தெர்மாகோல் இதயம் ஒன்றைச் சாத்தினார். வலிப்புக்காரர்கள் ஒரு வருடம் ஓரமாக நின்று பார்த்தார்கள், அடுத்த வருடம் வரவில்லை. அவர்கள் வராததை யாரும் கவனிக்கவுமில்லை, நானும் சேர்த்துத்தான், அன்றைக்கு எனக்கு மீன் வறுவல் வியாபாரம் அப்படி நடந்தது.

இப்படியிருக்கும்போதுதான் அவர் இறங்கி நடந்தார்.

முதலில் ரொட்ரிகோ வாத்தியார் வீட்டு வாசலில் போய் நின்றார். வாத்தியார் எழுபதைத் தாண்டினவர், பல்செட் மாட்டினவர். ஊர் கொஞ்ச நேரம் திகைத்தது, பிறகு மச்சாது கோயில் மைக்கில் சொல்லிவிட்டார்: ஐயா காதலர் சாமி, ஆகவே எந்த வீட்டில் காதல் ஒளிந்திருக்கிறதோ அந்த வாசலில் நிற்கிறார். அட, அது அப்படியே எல்லார் மண்டையிலும் போய் உட்கார்ந்துகொண்டது. வாத்தியார் பெண்டாட்டி மூன்று வேளையும் அடுப்பை மூட்டவில்லை. "எவா அவா? சொல்லும்! பென்சன் வாங்கப் போறேன்னு போனதெல்லாம் இதுக்குத்தானா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். வாத்தியார் பாவம், "எனக்கு முட்டி மடக்க முடியாதுட்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தாற்போல ஐயா கன்னியர் மடத்து கேட்டில் போய் நின்றார். அதைப் பற்றி நான் பேசமாட்டேன், வாயில் புண் வரும். மதர் கேட்டைப் பூட்டிக்கொண்டார், உள்ளே ஒப்பாரி மாதிரி ஜெபம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஊருக்கு உறக்கம் போய்விட்டது. கடல் அமைதியாகத்தான் கிடந்தது, காற்றும் நல்ல காற்றுத்தான், ஆனாலும் ஒருவருக்கும் ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. தகப்பன்மார் கடலுக்குப் போகாமல் மகள்மாரின் போனை நோண்டினார்கள், பெண்டாட்டிகள் புருசன்மாரின் சட்டையை மோந்து பார்த்தார்கள், ஒன்றுமே செய்யாதவர்கள்கூட ஏதோ செய்துவிட்டதுபோல வாசலை வாசலை எட்டிப் பார்த்தார்கள், ஐயா தெரு முனையில் திரும்பும்போது எல்லாக் கதவும் பட் பட்டென்று சாத்திக்கொண்டன, தாண்டிப் போனதும் எல்லாக் கதவும் திறந்து, யார் வீட்டுக்கு, யார் வீட்டுக்கு என்று கழுத்தை நீட்டின.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் மொதேஸ்தா வீட்டு வாசலில் நின்றார். அது என் பக்கத்து வீடு.

மொதேஸ்தா என் தம்பி பெண்டாட்டி முறை, என்னை மதினி என்பாள். புருசன் இல்லை. ஒரே மகள் ஜெனோவா, ஐஸ் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறவள், அதிகம் பேசாதவள், சிரித்தால் வீடு நிறையும். அவளுக்கும் மேலத்துறை லியாந்தருக்கும் கல்யாணம் நிச்சயமாகி, முதல் ஓலை வாசித்தாயிற்று. வேதக்காரர் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று. லியாந்தர் கப்பலில் வேலை செய்கிறவன், லீவு கொஞ்சந்தான். மூன்றாம் ஓலை பதினாலாம் தேதி ஞாயிறு, கல்யாணம் செவ்வாய், அதற்கு மறுநாள் சாம்பல் புதன். சாம்பல் பூசிவிட்டால் ஈஸ்டர் பாஸ்கு வரைக்கும் மேளம் கிடையாது, அதற்குள் அவன் கப்பல் ஏறிவிடுவான். ஆகவே அந்த ஞாயிறு தப்பினால் எல்லாம் தப்பியது.

ஜெனோவாவுக்குப் பதினோரு வயதிலிருந்து வலிப்பு உண்டு. நான் சொல்கிறேன், இந்தக் கையால் அவள் தலையைத் தாங்கியிருக்கிறேன், இந்த முந்தானையால் நுரையைத் துடைத்திருக்கிறேன். தூரத்து டவுன் டாக்டரிடம் மாத்திரை, சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருப்பாள், வருசத்தில் ஒரு தடவை இரண்டு தடவை வரும், போகும். தெரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான். என் வாய் நீளம்தான், ஆனால் எதைப் பேசக்கூடாது என்று அந்த வாய்க்குத் தெரியும்.

ஐயாவை வாசலில் கண்டதும் மொதேஸ்தா என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "மதினி, இவரு காதலுக்கா வந்திருக்காரு? இவரு பழைய வேலைக்கில்லா வந்திருக்காரு!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாத்தியார் இரண்டு தடவை குளியலறையில் விழுந்து நெற்றியில் தையல் போட்டது, வழுக்கி விழுந்தேன் என்றது. அடப்பாவி மக்கா, வலிப்புச் சாமி வலிப்பு இருக்கிற வீட்டைத் தேடி நடக்கிறார், ஊர் ரோஜாப்பூவைத் தேடிக்கொண்டு நிற்கிறது! ஆனால் இதை நான் எந்த வாயால் போய்ச் சொல்ல? சொன்ன அடுத்த நொடி, அப்படியானால் மொதேஸ்தா வீட்டில் யாருக்கு என்று கேட்பார்களே.

சாயங்காலமே லியாந்தரின் அம்மா எஸ்கலின் வந்துவிட்டாள். கருவாடு யாவாரத்தில் மகனை ஆளாக்கினவள், தராசு முள் மாதிரி நேராகப் பேசுகிறவள். ஐயா வாசலில் நின்றார், அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே வந்து, தண்ணீர்கூட வாங்காமல் கேட்டாள். "சம்பந்தி, ஒரே வார்த்தை. பிள்ளைக்கு வேற எவனும் உண்டா?"

இங்கேதான் மொதேஸ்தா அந்தக் காரியத்தைச் செய்தாள். இல்லை என்று சொன்னால், பின்னே ஐயா ஏன் நிற்கிறார் என்ற கேள்வி வரும், அதைத் தோண்டினால் வலிப்பு வெளியே வரும். காதல் என்றால் அழுது காலைப் பிடித்துச் சரிக்கட்டிவிடலாம், வலிப்பு என்றால் வாசலோடு போச்சு. "உண்டு... இருந்துச்சு" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. "காலேஜு காலத்துல. ஒரு பையன். அது முடிஞ்சு போச்சு சம்பந்தி, என் மேல சத்தியமா முடிஞ்சு போச்சு."

உள்ளறைக் கதவோரம் நின்ற ஜெனோவாவின் முகத்தை நான் பார்த்தேன். பெற்றவளே, உலகத்தில் இல்லாத ஒருவனை உண்டாக்கி மகளோடு சேர்த்துவிட்டாள். எஸ்கலின் எழுந்து போனாள்.

அவள் தெரு தாண்டியதும் ஜெனோவா வெளியே வந்தாள். "ஏன்ம்மா? எவன் அவன், பேரு என்ன, அதையும் நீயே சொல்லிரு."

"காதல்னா மன்னிப்பாங்க மக்கா. நோயின்னா மன்னிக்க மாட்டாங்க."

"நான் என்ன தப்பு செஞ்சேன், மன்னிக்க? அவங்கிட்ட முதல் நாளே சொல்லுதேன்னேன், தலையில அடிச்சு சத்தியம் வாங்கின."

லியாந்தரை அவளுக்குப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்தபோது பிடிக்கவில்லை, நிச்சயத்துக்குப் பிறகு, கப்பலிலிருந்து அவன் போன் போட்டு, இன்றைக்கு என்ன குழம்பு என்று தினமும் கேட்டுக் கேட்டுப் பிடித்துப்போயிற்று. அன்றைக்கு அவன் போன் போட்டான், எவன் என்று கேட்டான். அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். சத்தியம் ஒரு பக்கம், அவன் மூச்சு ஒரு பக்கம். அவன் வைத்துவிட்டான்.

அந்த ஞாயிறு இரண்டாம் ஓலையை மேலத்துறைக்காரர்கள் யாரும் வராமலே சாமி வாசித்தார். எஸ்கலின் நிறுத்தவும் சொல்லவில்லை, நடத்தவும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க வாலந்தீன் ஐயா அந்த வாசலை விட்டு அசையவில்லை. மொதேஸ்தா முதலில் கெஞ்சினாள், பிறகு ஏசினாள். "உமக்கு உப்பு போட்டேன், மிளகு போட்டேன், இப்பம் வந்து என் பிள்ளை வாழ்க்கையில நிக்கேரே, போம் வோய்!" என்று விளக்குமாற்றை ஓங்கினாள், அடிக்க மனம் வராமல் அவர் காலடி மணலைப் பெருக்கிவிட்டு உள்ளே போனாள். ஊர்ப் பெண்கள் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். டவுன் ஜோடிகள் வெறும் பீடத்தைப் பார்த்து ஏமாந்து, விசாரித்துக்கொண்டு வந்து, அவரோடு நின்று செல்ஃபி எடுத்தார்கள். ஜெனோவா வேலைக்குப் போகையில் அவர் கூடவே நடந்தார், கம்பெனி வாசலில் நின்றார், திரும்பி வந்தார். அவளைப் பார்த்து ஐஸ் உடைக்கிறவன்கள் விசிலடித்தான்கள்.

பதினாலாம் தேதி வந்தது. கோயில் நிரம்பி வழிந்தது, வெளியே பலூன், உள்ளே ஊர். எஸ்கலின் மகனைக் கூட்டிக்கொண்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள், அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது, இன்று எழுந்து பேசப் போகிறாள் என்று. பெண்கள் பக்கம் நானும் மொதேஸ்தாவும், நடுவில் ஜெனோவா. அவள் இரண்டு ராத்திரியாக உறங்கவில்லை, கண்ணுக்குக் கீழே கருப்பு. அவள் முதுகை ஒட்டினாற்போல, தூண் மாதிரி, வாலந்தீன் ஐயா.

பூசை முடிந்து சாமி ஓலையை எடுத்தார். மேலத்துறை காலஞ்சென்ற கர்வாலோ, எஸ்கலின் ஆகியோரின் மகன் லியாந்தருக்கும், முத்தாந்துறை காலஞ்சென்ற மிராண்டா, மொதேஸ்தா ஆகியோரின் மகள் ஜெனோவாவுக்கும், மூன்றாம் முறையாக...

எஸ்கலின் எழுந்தாள். "சாமி, நிறுத்தும். தடை உண்டு. பிள்ளை மனசுல வேற ஆள் இருக்கான். பெத்தவளே சொன்னா. அர்ச்சிஷ்டவரே பக்கத்துல நின்னு சாட்சி சொல்லுதாரு."

கோயிலில் ஒரு சலசலப்பு. மொதேஸ்தா மகள் மடியைத் தாண்டிக் கை நீட்டி என் தொடையைக் கிள்ளிப் பிடித்தாள். அப்போது ஜெனோவா எழுந்து நின்றாள்.

"யாரும் இல்ல மாமி" என்றாள். கடைசி வரிசை வரை கேட்டது. "எனக்கு வலிப்பு இருக்கு. சின்னதுலேருந்து. அம்மா அதை மறைக்கத்தான் அப்படிச் சொன்னா. ஐயா அதுக்குத்தான் என்கூட நடக்காரு."

சொல்லிவிட்டாள், முடிந்தது என்று நினைத்தேன். என்ன நடந்தது தெரியுமா? ஊர் சிரித்தது. "பாரேன், கள்ளப் புள்ள! காதலை மறைக்க வலிப்பாம்ல!" என்றாள் ஒருத்தி. "வலிப்புக்கும் வாலந்தீனுக்கும் என்னடே சம்பந்தம்?" என்று மச்சாதுவே கேட்டார், பீடத்தில் தெர்மாகோல் சாத்தின அதே மச்சாது! நான் எழுந்து கத்தினேன், "ஏல, உங்க ஆத்தாமாரு எதுக்குல இங்க உப்பு போட்டாங்க?" என்று கத்தினேன், அந்த இரைச்சலில் என் நீளமான வாய் எவன் காதிலும் விழவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவை.

ஜெனோவா ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பார்வை ஒரு பக்கமாகப் போயிற்று, எனக்கு அந்தப் பார்வை தெரியும், நான் கையை நீட்டுவதற்குள் வாலந்தீன் ஐயா நீட்டிவிட்டார். அவள் விழவில்லை, அவர் கையில் சாய்ந்தாள். அவர் மரமுழங்கால் நெறுநெறுவென்று மடங்கத் தரையில் உட்கார்ந்தார், அவளை ஒருச்சாய்த்துப் படுக்க வைத்தார், தலையை மடியில் வைத்தார், அங்கியால் வாயைத் துடைத்தார், கை கால் வெட்டி இழுத்தபோது அமுக்கிப் பிடிக்காமல் சும்மா தொட்டுக்கொண்டே இருந்தார். அது அடங்க எவ்வளவு நேரம் ஆயிற்றென்று எனக்குத் தெரியாது, எனக்கு எப்போதும் அது ஒரு முழுநாள்தான்.

ரொட்ரிகோ வாத்தியார் எழுந்து நின்றார். "எனக்கும்தான்" என்றார், பெண்டாட்டி ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "சண்டாளா, சொல்லியிருக்கலாமே, பட்டினியால்லா போட்டேன்" என்று அழுதாள். மடத்துக் கன்னியர் வரிசை குனிந்த தலை நிமிரவில்லை. அங்கே யாருக்கு என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

ஜெனோவா கண் விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் சுற்றிலும் பார்த்தாள், தலைக்கு மேலே ஐயாவின் மர முகம், பக்கத்தில் லியாந்தர், எப்போது வந்தானோ, தரையில் உட்கார்ந்திருந்தான். "வாசிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றான் அவன்.

அவளுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது, முகத்தில் தெரிந்தது. "பரிதாபப்பட்டு எதுவும் சொல்லாதீங்க" என்றாள்.

"பரிதாபம் இல்ல. பயமா இருக்கு" என்றான் லியாந்தர். "எப்ப வரும், நான் கடல்ல இருக்கும்போது வந்தா என்ன ஆகும், ஒண்ணும் தெரியல. ஆனா வாசிக்கட்டும்."

யாரும் சாமியைப் பார்க்கவில்லை. எல்லாரும் எஸ்கலினைப் பார்த்தார்கள், சாமியும்தான். தடை என்று சொல்லி எழுந்தவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். அவள் நேரே மொதேஸ்தாவிடம் வந்தாள், அடிக்கப் போகிறாள் என்று நான் நடுவில் புகுந்தேன்.

"நோயிக்குப் பயந்தா பெத்த பிள்ளை பேரைக் கெடுத்த?" என்றாள். "எங்கிட்ட வந்து, எஸ்கலினு, இப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரலையாட்டி?"

மொதேஸ்தா வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள். எஸ்கலின் அவளை விட்டுவிட்டு மகன் பக்கம் திரும்பினாள். "ஏல, நகரு."

"அம்மா, நான் சொல்லிட்டேன்..."

"நகருலன்னா! நீ கப்பலு ஏறிப் போயிருவ. வருசத்துல பத்து மாசம் இவகூட வீட்டுல கெடக்கப்போறது நானு. வந்தா எப்படிப் பிடிக்கணும்னு எனக்கில்லா தெரியணும்?"

சொல்லிவிட்டு, பட்டுச்சேலையைச் சுருட்டிக்கொண்டு, கோயில் தரையில் ஜெனோவாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாலந்தீன் ஐயா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.